படுக்கைப் புண்ணும் பராமரித்த கைகளும்



யூபிலி மலர் என்றதும் கோயில் எழும்பிய கதையும், மணிக்கூண்டு நின்ற கதையும், பங்குத் தந்தையரின் அரும்பணியும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றை எழுதத் தக்கவர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட வரலாறு வேறு. அது கோயில் முற்றத்தில் நடந்ததன்று, வீட்டின் உள்ளறையில், சன்னல் அடைத்த இருட்டில், கம்பளிக்கு அடியில் நடந்தது, இன்றும் நடப்பது. வாதத்தில் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், மரத்திலிருந்து தவறி முதுகுத்தண்டு அடிபட்டவர், முதுமையால் எழமாட்டாதவர் ஆகியோருக்கு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் உண்டாகும் படுக்கைப் புண்ணைப் பற்றியதே இக்கட்டுரை. அப்புண்ணைத் தடுக்க மனிதர் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முனைகிறோம்.

இதை விழா மலரில் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. படுக்கைப் புண் வந்த வீட்டில் இரண்டு பேச்சுகளைக் கேட்கிறோம். "படுத்தவருக்குப் புண் வரத்தான் செய்யும், அது விதி" என்பது ஒன்று. "மருமகள் சரியாகப் பார்க்கவில்லை" என்பது மற்றொன்று. முதல் பேச்சு நோயாளியைக் கைவிடுகிறது. இரண்டாவது பேச்சு, இரவு பகலாக அவருக்கு அருகில் இருப்பவரை ஒடித்துவிடுகிறது. இவ்விரண்டில் எது உண்மை என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

மலையும் நோயாளியும்

நம் மலை நோயாளிகளால் பெயர் பெற்ற மலை என்றால் மிகையாகாது. சமவெளியின் காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் தப்பி உயிர் பிழைக்கவே 1845-ம் ஆண்டில் மதுரையிலிருந்து அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். சேசு சபைக் குருக்களும் இளைப்பாறவும் உடல் தேறவும் இங்கே வந்தனர். அவர்களுள் ஒருவரான அருட்திரு சேன் சீர் அடிகளாரின் முயற்சியால் 1866-ம் ஆண்டில் சலேத் மாதா ஆலயம் எழுந்தது. 1895-ம் ஆண்டில் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி உருவாயிற்று. மேலே வந்தவர்கள் குளிர்ந்த காற்றில் நலம் பெற்றனர்.

ஆனால் மலையிலேயே பிறந்து மலையிலேயே உழைத்தவர் நோயில் விழுந்தால் நிலைமை வேறு. மோட்டார் பாதை வருவதற்கு முன்பு பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையே பெருவழியாக இருந்தது. ஏறினாலும் இறங்கினாலும் நடக்க மாட்டாதவரை டோலியில் வைத்து ஆள்தான் சுமக்கவேண்டும். பள்ளங்கி போன்ற கிராமங்களிலிருந்து ஒருவரை ஆஸ்பத்திரி சேர்ப்பது ஒரு குடும்பமே சேர்ந்து செய்யும் பயணம். இன்று சாலை உண்டு, வண்டி உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. ஆயினும் ஒன்று மாறவில்லை. வைத்தியம் முடிந்து வீடு திரும்பிய நோயாளி அதன்பின் மாதக் கணக்காக, சில வேளை ஆண்டுக் கணக்காக, வீட்டுக் கட்டிலில்தான் கிடக்கிறார். அங்கே டாக்டர் இல்லை. மனைவியோ மகளோ மருமகளோதான் இருக்கிறார். படுக்கைப் புண் தடுக்கப்படுவதும் தடுக்கப்படாமல் போவதும் அந்தக் கட்டிலருகே நிர்ணயிக்கப்படுகிறது.

குளிர் வேறு நமக்கு ஒரு தனிச் சோதனை. பனிக்காலத்தில் நோயாளியைக் கம்பளியால் இறுகப் போர்த்தி வைக்கிறோம். குளிர் தாக்கிவிடும் என்று அஞ்சிப் போர்வையை விலக்கிப் பார்ப்பதில்லை. அந்தப் போர்வைக்குள் ஒரு புண் சத்தமின்றித் தொடங்கிவிடுகிறது.

புண் எவ்விதம் உண்டாகிறது?

நலமாயிருப்பவர் உறங்கும்போது ஒரே பக்கமாகக் கிடப்பதில்லை. தம்மை அறியாமலே புரண்டு புரண்டு படுக்கிறார். ஒரு பக்கம் வலித்தவுடன் உடல் தானே திரும்பிக்கொள்கிறது. வாதத்தால் அசைய முடியாதவருக்கோ, உணர்வு மரத்துப் போனவருக்கோ இந்தக் காவல் இல்லை.

தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் மிக மெல்லியவை. பாதரச அளவில் 32 மில்லிமீட்டர் அளவான அழுத்தமே அவற்றின் இரத்த ஓட்டத்தைத் தடுக்கப் போதுமானது என்று பழைய அளவீடுகள் கூறுகின்றன. கட்டிலுக்கும் எலும்புக்கும் இடையில் சிக்கிய சதைமீது அதைவிட அதிகமான பாரம் எளிதில் விழுகிறது. ஆகையால் எலும்பு துருத்தி நிற்கும் இடங்களான முதுகின் அடியெலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, காதுமடல் ஆகியவற்றில்தான் புண் தோன்றுகிறது.

பாரம் மட்டுமன்று. நனைந்த தோல் சீக்கிரம் கெடும்; சிறுநீரும் மலமும் பட்ட இடம் அதைவிடச் சீக்கிரம் கெடும். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி சறுக்கிச் சறுக்கி இறங்கும்போது, மேல்தோல் துணியோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே நகர்கிறது. இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்குகின்றன. இதனால் வெளியே சிறு தழும்பு போல் தெரிவது உள்ளே பெருங்குழியாக இருக்கலாம். 1959-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கோசியாக் செய்த ஆய்வு ஓர் உண்மையை நிலைநாட்டியது. சிறிய பாரமும் நீண்ட நேரம் நீடித்தால், பெரிய பாரம் குறுகிய நேரத்தில் செய்யும் கேட்டைச் செய்துவிடும். ஆகவே மெத்தை மென்மையானது என்று நம்பி இருந்துவிட முடியாது. எவ்வளவு நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தார் என்பதே முக்கியம்.

பழங்காலத்து எண்ணங்கள்

இது இக்காலத்து நோயன்று. 1569-ம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவரான அம்புரோஸ் பாரே என்பவர், தொடையில் குண்டு பாய்ந்து ஏழு மாதங்களாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பிரபுவைப் பார்க்கச் சென்றார். அவருடைய பிட்டத்தின் மேலே புண் இருந்தது. பாரே கட்டளையிட்டது என்ன? அழுக்குப் படுக்கையை மாற்றி மெத்தென்ற படுக்கையும் தூய துணியும் விரிக்கவேண்டும். புண் படுக்கையில் படாதபடி இறகு நிரப்பிய சிறு தலையணையை அடியில் வைக்கவேண்டும். நல்ல ஆகாரம் தரவேண்டும். மனம் தளராதிருக்க இசைவாணரை அழைத்து இசைக்கச் செய்யவேண்டும். பிரபு தேறினார். 450 ஆண்டுகளுக்கு முன் சொன்ன அக்கட்டளையில் இன்றைய செவிலியர் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

ஆயினும் அறிவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. 19-ம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துப் பேர்பெற்ற நரம்பியல் மருத்துவர் சார்க்கோ என்பவர், நரம்பு கெட்டால் தோல் தானாகவே அழுகும். அப்புண் மரணத்தின் முன்னறிவிப்பு என்று போதித்தார். அவருடைய புகழ் பெரிது. ஆகவே அவருடைய அவநம்பிக்கையும் பரவியது. அவருக்கு முன்னரே பிரௌன் செக்கார் என்ற ஆராய்ச்சியாளர், முதுகுத்தண்டு வெட்டப்பட்ட விலங்குகளை ஈரமின்றியும் ஒரே இடத்தில் பாரம் தங்காமலும் காத்துவந்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஆனால் 'விதி' என்ற பேச்சுக்கே வெகுகாலம் செல்வாக்கு இருந்தது. படித்தவரும் அதைப் பேசினர் என்றால், நம் பாட்டிமார் பேசியதில் வியப்பென்ன?

அருட்சகோதரிகளும் விளக்கேந்திய சீமாட்டியும்

மருத்துவர் தர்க்கித்துக்கொண்டிருக்க, கட்டிலருகே நின்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். புனித கமில்லஸ் தே லெல்லிஸ் என்பவரைத் திருச்சபை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் பாதுகாவலராகப் போற்றுகிறது. 1550-ம் ஆண்டில் பிறந்த இவர் வாழ்நாள் முழுவதும் காலில் ஆறாப் புண்ணோடு வாழ்ந்தவர். அப்புண்ணுக்காக உரோமை நகர ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கூலிக்கு வேலை செய்த பணியாளர்கள் நோயாளிகளைக் கவனியாது விடுவதைக் கண்டார். 1582-ம் ஆண்டில் அன்புக்காகப் பணிசெய்யும் துணைவர்களைச் சேர்க்க எண்ணினார். 1586-ம் ஆண்டில் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவர்களை ஏற்றுக்கொண்டார். புண்ணின் வேதனை தெரிந்தவரே புண்பட்டோரின் காவலரானார்.

1633-ம் ஆண்டில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரிலாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை இன்னொரு வழியைத் திறந்தது. அதுவரை கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள் இருப்பவர் என்ற நிலை மாறி, தெருவில் நடந்து ஏழை நோயாளிகளின் வீடு சென்று பணிசெய்யும் சகோதரிகள் தோன்றினர். வீட்டுக் கட்டிலருகே சென்று செய்யும் பணிக்கு அது பெரும் முன்மாதிரி.

1853-ம் ஆண்டில் ஒரு ஆங்கில மாது பாரிசுக்குச் சென்று இச்சகோதரிகளின் பணியை நேரில் கண்டு கற்றார். அவரே பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அடுத்த ஆண்டு கிரிமியப் போரில் காயமுற்றோரைக் காக்க அவர் புறப்பட்டபோது உடன் சென்ற 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1860-ம் ஆண்டை ஒட்டி அவர் வெளியிட்ட செவிலியப் பணி பற்றிய நூலில், நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குறைவு என்று துணிந்து எழுதினார். விதி என்ற பேச்சுக்கு அது பெரிய அடி. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. செவிலியே எப்போதும் குற்றவாளி என்று தாம் சொல்லவில்லை. காற்றோட்டமில்லாத கட்டிடமும், சுகாதாரக் கேடும், மோசமான நிர்வாகமும் நல்ல பராமரிப்பையே முடியாததாக்கி விடுகின்றன என்றும் அங்கேயே விளக்கினார். முதல் பாதியை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை மறந்துவிட்டது.

நம் நாட்டில் இப்பணி

நம் நாட்டில் செவிலியப் பயிற்சி சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ம் ஆண்டில் தொடங்கியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ம் ஆண்டில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அது 1946-ம் ஆண்டில் பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்தது.

கத்தோலிக்கக் கன்னியரின் பங்கும் சிறிதன்று. 1865-ம் ஆண்டில் நம் மதுரை மிஷனுக்கு வந்த பிரெஞ்சுக் கன்னிகை அன்னை மரிய பாஷன், 1877-ம் ஆண்டில் உதகமண்டலத்தில் தொடங்கிய பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சபை உலகின் பல நாடுகளில் நோயாளரையும் தொழுநோயாளரையும் பராமரித்தது. மலை ஊரிலிருந்து உலகிற்குச் சென்ற சபை அது. ஆஸ்திரேலிய மருத்துவரான சகோதரி மேரி குளோரி 1920-ம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து உழைத்தார். 1943-ம் ஆண்டில் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் துறவியர் மகப்பேறு மருத்துவம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. மருத்துவரான அன்னா டெங்கல் 1925-ம் ஆண்டில் மருத்துவ மிஷன் சகோதரிகளின் சபையைத் தொடங்கி ஓயாது முயன்றார். 1936-ம் ஆண்டில் உரோமை அத்தடையை நீக்கியது. அச்சகோதரிகளிடம் 1948-ம் ஆண்டில் பாட்னாவில் சில மாதங்கள் நோயாளரைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டு, கல்கத்தாத் தெருவில் இறங்கியவரே அன்னை தெரேசா. 1952-ம் ஆண்டில் காளிகாட்டில் அவர் திறந்த இல்லத்தில் நடந்ததெல்லாம் கழுவுதல், துடைத்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், புரட்டிப் படுக்கவைத்தல் ஆகிய சிறு காரியங்களே. புனிதமும் பயிற்சியும் அங்கே கைகோத்து நின்றன.

இரண்டு மணிக்கு ஒரு முறை

இரண்டாம் உலகப் போரின்போது முதுகுத்தண்டில் காயமுற்ற போர்வீரர்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. புண்ணில் சீழ் வைத்தும், சிறுநீர்த் தொற்றாலும் அவர்கள் மடிந்தனர். 1944-ம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்து ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் இவர்களுக்கென ஒரு வார்டு திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன். அவர் இட்ட கட்டளை எளியது. இரவும் பகலும், இரண்டு மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். பல இரவுகளில் அவரே வார்டுக்கு வந்து பார்த்தார். சாவதற்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் பிழைத்தனர். சக்கர நாற்காலியில் அமர்ந்தனர். 1948-ம் ஆண்டில் அம்பெய்யும் போட்டி நடத்தினர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கு வித்து அந்தப் போட்டியே. ஒரு பதக்கத்தின் பின்னே புரட்டிப் படுக்கவைத்த எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள்!

அதன்பின் யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே கண்டறியும் முயற்சி எழுந்தது. அதைச் செய்தவர்கள் செவிலியரே. 1962-ம் ஆண்டில் டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கில நர்ஸ் தம் குழுவினருடன் முதியோரை ஆராய்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைந்தால் ஆபத்து என்றார். பூசும் மருந்துகளைவிட அடிக்கடி புரட்டுவதே பலன் தருகிறது என்பதும் அந்த ஆய்வில் தெளிவாயிற்று. 1987-ம் ஆண்டில் அமெரிக்கச் செவிலியர் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரமும் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்ற ஆறினைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். அதில் 23-க்கு 18 அல்லது அதற்குக் குறைந்தவரை ஆபத்தில் உள்ளவராகக் கருதுவர். உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் இன்று கையாளப்படுவது இம்முறையே.

வேலூர் தந்த பாடம்

நம் தமிழகம் இவ்வரலாற்றில் வாங்கியதைப் போலவே கொடுத்ததும் உண்டு. கொல்லிமலையில் 1914-ம் ஆண்டில் மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்து, மலைப் பிள்ளையாகவே வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தந்தையார் அம்மலையிலேயே 1929-ம் ஆண்டில் காய்ச்சலால் இறந்தார். 1946-ம் ஆண்டில் மகன் வேலூருக்கு மருத்துவராகத் திரும்பினார். தொழுநோயாளரின் விரல்களை நோய்தான் தின்கிறது என்று உலகம் நம்பிய காலம் அது. அவர் கூர்ந்து நோக்கினார். நரம்பு மரத்ததால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் அழுத்தமும் காயமும் சூடும் உணரப்படாமல் புண்ணாகின்றன என்று கண்டார். பாதத்திற்கு ஓய்வு தந்தால் புண் ஆறியது. மெத்தென்ற இரப்பர் செருப்பு கொடுத்தால் திரும்ப வரவில்லை. வலி என்பது காவல்காரன் என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். அக்காவல்காரன் இல்லாதவருக்கு வேறொருவர் காவலிருக்கவேண்டும் என்பதே படுக்கைப் புண்ணுக்கும் பொருந்தும் பாடம்.

அவரிடம் அறுவை மருத்துவம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சியில் 1925-ம் ஆண்டில் பிறந்த இவ்வம்மையார், 1954-ம் ஆண்டில் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966-ம் ஆண்டில் வேலூரில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணராயிருந்தார். 1972-ம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-ல் மறைந்தார். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் திரு எஸ். இராமகிருஷ்ணன் 1981-ம் ஆண்டில் நிறுவிய அமர் சேவா சங்கமும் இவ்வழியில் வந்ததே. 1975-ம் ஆண்டு விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர், ஆயிரக்கணக்கான உடல் ஊனமுற்றோருக்கு வழிகாட்டியானார். இவர்களெல்லாம் பல்லாண்டு வாழ்ந்து பணிசெய்ய முடிந்தது என்றால், நாள்தோறும் அவர்தம் தோலைக் காத்த கைகள் அருகில் இருந்தன என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் வீட்டில் செய்யத்தக்கவை

இவ்வரலாறு நமக்குத் தரும் நடைமுறைகளைத் தொகுத்துச் சொல்லுவோம்.

முதலாவது, பார்வை. நாளுக்கு ஒரு முறையேனும் அறைக் கதவை அடைத்துக் குளிர்காற்றை மறித்து, போர்வையை விலக்கி, எலும்பு துருத்தும் இடங்களைப் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்கவேண்டும். வெளுக்காவிட்டால் அது புண்ணின் முதல் படி. நம்மவரின் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே தொட்டுப் பார்த்து, சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருக்கிறதா என்று அறியவேண்டும். இந்தப் படியில் பாரத்தை நீக்கிவிட்டால் பெரும்பாலும் மேலே போகாது. தோல் உரிவது இரண்டாம் படி. கொழுப்பு தெரிவது மூன்றாம் படி. சதையும் எலும்பும் தெரிவது நான்காம் படி.

இரண்டாவது, புரட்டுதல். சாதாரண மெத்தையில் இரண்டு மணிக்கு ஒரு முறை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாந்து என்று மாற்றவேண்டும். நல்ல நுரைமெத்தையோ காற்று மெத்தையோ இருந்தால், நர்ஸிடம் கேட்டு இடைவெளியைச் சற்றே நீட்டலாம். மெத்தை இருக்கிறதே என்று புரட்டாமல் விடலாகாது. பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது இடுப்பெலும்பின் மேலேயே முழுப் பாரமும் விழாதபடி, முதுகுப்புறம் தலையணை கொடுத்துச் சற்றே சாய்வாகப் படுக்கவைக்கவேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் நிற்கும். கதவில் ஒரு தாள் ஒட்டி, மணியையும் பக்கத்தையும் குறித்து வந்தால் மறதி வராது. மூவேளை மணி கேட்கும் வீட்டில் அந்த மணியையே கணக்கின் தொடக்கமாகக் கொள்ளலாம். நாற்காலியில் அமரக்கூடியவர் கால் மணிக்கு ஒரு முறை கையை ஊன்றிச் சற்றே எழும்பவோ, பக்கம் சாயவோ வேண்டும்.

மூன்றாவது, தூக்குதல். நோயாளியை இழுக்கலாகாது. மடித்த வேட்டி ஒன்றை அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்தவேண்டும். உணவு ஊட்டும் நேரம் தவிரத் தலைப்பக்கத்தை அதிகம் உயர்த்தி வைக்காதிருப்பது நன்று.

நான்காவது, துப்புரவு. நனைந்தவுடன் மாற்றி, வெதுவெதுப்பான நீரில் மெல்லக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கவேண்டும். ஈரம் படும் இடத்தில் துத்தநாகக் களிம்போ வாசலினோ தடவலாம். சுருக்கம் விழாத துணி விரிக்கவேண்டும்.

ஐந்தாவது, ஆகாரம். முட்டை, பால், பருப்பு, பயறு, மீன் போன்ற சத்துணவும் போதிய தண்ணீரும் தோலுக்கு உரம். சர்க்கரை, சிறுநீரக நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

விடவேண்டியவையும் சில உண்டு. முற்காலத்தில் நர்ஸ்மாரும் சிவந்த இடத்தை ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டனர். காற்றடைத்த இரப்பர் வளையத்தின்மேல் உட்காரவைத்தனர். தேய்ப்பதால் உள்ளே நைந்த சதை மேலும் நைகிறது. வளையம் சுற்றிலும் இரத்தத்தை மறிக்கிறது என்று பின்னர் தெரிந்து இரண்டும் கைவிடப்பட்டன. புண்ணில் சாம்பலும் மஞ்சளும் அப்புவதும் வேண்டாம். நம் மலைக் குளிருக்கு ஒரு தனி எச்சரிக்கை: உணர்வில்லாத காலருகே கணப்புச் சட்டியோ வெந்நீர்ப் பையோ வைக்கவே கூடாது. அவருக்குச் சுடுவது தெரியாது. நமக்குத் தெரியும்போது தோல் வெந்திருக்கும். கம்பளிக் காலுறை போதும். தோல் உரிந்தாலோ, கருத்தாலோ, நாற்றமோ சீழோ காய்ச்சலோ கண்டாலோ தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சொல்லவேண்டும். 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக உள்ளவருக்கு வீடு தேடி வந்து பராமரிப்பதும் சேர்ந்திருக்கிறது. கேட்டுப் பெறுவது நம் உரிமை.

பழியும் பரிவும்

தொடக்கத்தில் சொன்ன இரு பேச்சுகளுக்குத் திரும்புவோம். விதி என்ற பேச்சு தோற்றது என்பதில் ஐயமில்லை. பெரும்பாலான படுக்கைப் புண்கள் தடுக்கத்தக்கவை. ஆனால் பழி என்ற பேச்சும் நிற்கவில்லை. உயிர் பிரியும் தறுவாயில், உடலின் எல்லா உறுப்புகளும் தளரும்போது, எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குத் தோல் உடைந்துவிடுகிறது என்பதை மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொள்கிறது. அத்தகைய புண்ணைக் கண்டு ஒரு மகளைக் குற்றம் சாட்டுவது அநீதி.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் நாளுக்குப் பன்னிரண்டு முறை. குட்மன் வார்டில் அதைச் செய்ய ஆட்கள் முறைவைத்து வந்தனர். நம் வீட்டில் அந்தப் பன்னிரண்டையும் ஒருத்தியே செய்கிறாள். பகலில் பூண்டுக் காட்டில் வேலை, வந்து அடுப்பு, இரவில் மூன்று முறை விழிப்பு. ஒரு மாதம் செய்வாள், இரண்டு மாதம் செய்வாள். மூன்றாம் மாதம் அயர்ந்து உறங்கிவிட்டால் அது யார் குற்றம்? நைட்டிங்கேல் அம்மையார் எழுதிய இரண்டாம் பாதி இங்கேதான் நினைவுக்கு வரவேண்டும். பராமரிப்பு குறைந்தது என்றால், பராமரிப்பவருக்குத் துணை குறைந்தது என்றே பெரும்பாலும் பொருள்.

நல்ல சமாரியன் உவமையில் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒருவர் உண்டு, சாவடிக்காரர். காயத்திற்கு எண்ணெய் வார்த்தவர் மறுநாள் புறப்பட்டுவிட்டார். எத்தனை நாளென்று தெரியாமல் கவனித்துக்கொண்டவர் அந்தச் சாவடிக்காரரே. சமாரியன் அவரை வெறுங்கையோடு விடவில்லை. பணம் கொடுத்தான், மேலும் செலவானால் தருவதாகவும் சொன்னான். நம் பங்கில் வீட்டுக்கு வீடு சாவடிக்காரர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் கொடுத்துச் செல்வது என்ன?

நம் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையும், மரியாயின் சேனையும் நோயாளிகளைச் சந்திக்கின்றன. முதல் வெள்ளியில் நற்கருணை வீட்டுக்குச் செல்கிறது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்படுத்திய உலக நோயாளர் தினத்தை 1993-ம் ஆண்டு முதல் பிப்ரவரி 11-ல் கொண்டாடுகிறோம். இவற்றோடு ஒரு சிறு காரியத்தைச் சேர்க்கும்படி வேண்டுகிறோம். ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லையில் படுத்த படுக்கையாக உள்ளவர் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதட்டும். வாரத்தில் ஒரு நாள் மாலையோ ஓர் இரவோ ஒருவர் சென்று, புரட்டும் வேலையை ஏற்றுக்கொண்டு, அந்த வீட்டுப் பெண்ணை உறங்கச் சொல்லட்டும். பழைய தலையணைகளையும், தூய வேட்டிகளையும், ஒரு காற்று மெத்தையையும் பங்கில் பொதுவாகச் சேர்த்து வைத்து, தேவைப்பட்ட வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். செலவு சிறிது, வேண்டியது ஆள்.

யூபிலி என்பது பழைய ஏற்பாட்டுக் காலத்தில் சுமை இறக்கும் ஆண்டாக இருந்தது. கடன்பட்டவர் விடுதலை பெற்றனர். உழுத நிலம் ஓய்வு பெற்றது. நம் யூபிலியில் கட்டிலில் கிடக்கும் ஒரு முதுகின் பாரமும், அருகில் விழித்திருக்கும் ஒரு மனதின் பாரமும் சற்றே இறங்குமாயின், விழா நிறைவாக நடந்தது என்று சொல்லலாம்.